மலாக்காவில் கூழ் கரைத்த கை

இதை வாசிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மாவு மில்லில் பைகளின் மேல் எழுதும் பெயர்களும் எடையும்தான். பெரிய ற எங்கே வரும், சின்ன ர எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம். எங்கள் கிளை நூலகத்து அம்மா வாசகர் வட்ட மலருக்கு எழுதித் தரச் சொல்லி விடாமல் கேட்டதால்தான் உட்கார்ந்திருக்கிறேன். பிழைகளை அவர் திருத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நான் கொடுக்கப்போகும் வேலைக்காக இப்போதே வருந்துகிறேன்.

என் அக்கா சரோஜா கல்யாணமாகி மலேசியா போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மலாக்கா டவுனை ஒட்டிய புக்கிட் காத்திலில் வீடு. அத்தான் குணசேகரன் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பிறந்தது பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். இப்போது அங்கே ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். இருந்த தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் டவுனுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் ஆடி மாதம் தோட்டத்து மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்றைக்கு எல்லாரும் கார் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். இந்த வருடக் கூழுக்கு என் மில்லில் அரைத்த கேழ்வரகு மாவுதான் வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்து டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டாள். மாவோடு சேர்த்து நானும் போனேன்.

போய் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. விமான நிலையத்திலிருந்து மலாக்காவுக்குப் பஸ். உள்ளே ஐஸ் பெட்டி மாதிரி குளிர். துண்டை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டேன். இரண்டு மணி நேரத்தில் டிரைவர் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. ஹாரன் கெட்டுப்போய்விட்டதோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. பக்கத்து வரிசையில் ஒரு மலாய்க்காரப் பெண், அவள் மடியில் நாலைந்து வயதுப் பையன். பாதி வழியில் பையன் வாந்தி எடுத்துவிட்டான். அவள் கையில் இருந்த இரண்டு டிஷ்யூ பேப்பர் எந்த மூலைக்கு? போர்த்தியிருந்த துண்டைக் கொடுத்தேன். அவள் பையனைத் துடைத்துவிட்டுத் திருப்பித் தந்தாள். நான் அதே துண்டால் சீட்டையும் தரையையும் துடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். அவள் என்னவோ சொன்னாள். பாஷை தெரியாததால் தலையை மட்டும் ஆட்டினேன். கை கழுவ இடமில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பசித்தது. அக்காவுக்காக எடுத்து வந்த முறுக்கில் இரண்டைத் தின்றேன்.

ஆயர் குரோவில் பஸ் நின்றபோது நிறையப் பேர் இறங்கினார்கள். ஊர் வந்துவிட்டது என்று நானும் இறங்கினேன். பஸ் கிளம்பிப் போன பிறகுதான் சாமான் வைக்கும் அடிப்பெட்டியில் என் மாவு மூட்டையோடு அது போகிறது என்பது உறைத்தது. அங்கே காலேஜில் படிக்கும் ஒரு தமிழ்ப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளாகவே வந்து கேட்டாள். அத்தானுக்குப் போன் போட்டுக் கொடுத்துவிட்டு, "கவலைப்படாதீங்க லா அங்கிள், மாவு எங்க ஓடப் போவுது" என்றாள். அவள் சொன்ன மாதிரியே, மலாக்கா பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் மேசை மேல் மூட்டை எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நம் ஊரில் இந்நேரம் யார் வீட்டிலாவது களி கிண்டியிருப்பார்கள்.

புதன்கிழமை காலையில் பார்த்தவர்கள் எல்லாரும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார்கள். நாம் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை அவர்கள் இப்படிக் கேட்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பசியாற ரொட்டி சானாய் வாங்கித் தந்தார் அத்தான். மாவை வீசி வீசி விசிறி மாதிரி விரிக்கிறார்கள். அதன் பிறகு டவுனைச் சுற்றிக் காட்டினார். சிவப்புச் சாயம் பூசிய பழைய கட்டடங்கள். பொம்மைகளும் விளக்குகளும் பூவுமாக ஜோடித்த மூன்று சக்கர ரிக்‌ஷாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு அலறுகிறது. ஓட்டுகிறவர் முகத்தில் மட்டும் சிரிப்பே இல்லை. பனைவெல்லப் பாகு ஊற்றிய செண்டோல் என்ற ஐஸ் பாயசம் இரண்டு கோப்பை சாப்பிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அத்தான் குருபோங்குக்குக் கூட்டிப் போனார். ஃபேக்டரிகள் நிறைந்த இடம். அங்கே ரோட்டோரமாகத் தகரக் கூரை போட்ட ஒரு கடை. இதை அங்கே ஒட்டுக்கடை என்கிறார்கள். நடத்துகிறவர் தேவகி. அத்தான் பிறந்த அதே தோட்டத்தில் பிறந்தவர், என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். புருஷன் இறந்த பிறகு இந்தக் கடையை வைத்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறார். மலாய்க்காரர், பங்களாதேஷ்காரர், நேபாளி, நம் ஆட்கள் என்று எல்லாரும் வரிசையில் நின்றார்கள். சாமி படத்துக்குப் பக்கத்திலேயே, சமையல் சுத்தம் பற்றி வகுப்புக்குப் போய் வாங்கிய சர்டிபிகேட்டை மாட்டி வைத்திருந்தார். தோட்டத்துக் கோயிலில் கூழ் காய்ச்சுவதும் வருடாவருடம் அவர் பொறுப்புதான். என் மாவை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நைஸா அரைச்சிருக்கீங்கண்ணே" என்றார். பெண்கள் பாராட்டினால் எனக்கு வார்த்தை வராது. சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன் வயிறு கலக்கியது. பிறகு வாந்தி. அதற்கப்புறம் நடந்ததை மலரில் எழுத முடியாது. தண்ணீர் மாறியதால் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். அக்கா வீட்டில் கழிவறை என் அறைக்குள்ளேயே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. முப்பது வருடம் கழித்து அக்கா வீட்டுக்கு வந்து, மூன்றாம் நாளே "எனக்கு வயிற்றுப்போக்கு" என்று எப்படிச் சொல்வது? அக்கா பசியாறக் கூப்பிட்டபோது, அம்மனுக்குக் கூழ் கரைக்கும் வரை விரதம் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்தது அதுதான்.

நான் சொன்ன பொய்களிலேயே மிகச் சிறியது அது என்றுதான் அப்போது நினைத்தேன். அக்காவோ கண் கலங்கிவிட்டாள். அன்று மதியத்துக்குள் புக்கிட் காத்திலில் இருந்து தோட்டம் வரைக்கும் போன் பறந்தது. இந்தியாவிலிருந்து மாவு கொண்டு வந்த தம்பி தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருக்கிறான். வெள்ளிக்கிழமையும் தண்ணீர்தான், வேறு எதுவும் நிற்கவில்லை. அத்தானுக்கு வேண்டிய இரண்டு பேர் வந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை வயிறு சரியாகிவிட்டது. ஆனால் விரதத்தை முடிக்க முடியாதே. பசியில் கண் இருட்ட, அக்கா கொடுத்த இளநீரைக் குடித்துக்கொண்டு கிடந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் பெரிய அண்டாவில் தேவகி கூழ் காய்ச்சி ஆற வைத்தார். ஞாயிறு காலையில் அது கட்டியாக இறுகியிருந்தது. அதில் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு, கட்டி உடையக் கையால் பிசைந்து கரைக்க வேண்டும். அந்தக் கோயிலில் கரைக்கும் கை யாருடையது என்பது ஒரு மரியாதை. கோயில் தலைவர் சுப்பையா, அறுபது வயசு, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் குரல். அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

தேவகி ஒரு பாக்கெட் பிளாஸ்டிக் கையுறை கொண்டு வந்திருந்தார். தலைவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

"அம்மன் கூழுக்குக் கை படணும் தேவகி. மூணு நாள் விரதம் இருந்த கை இது. இதுக்குப் போயி பிளாஸ்டிக்கா?"

"சோப்பாவது போட்டுக் கழுவச் சொல்லுங்கண்ணே."

"மஞ்சத் தண்ணி ஊத்துனா போதும்."

ஊற்றினார்கள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சுற்றி நூறு பேர். அக்கா பட்டுப்புடவையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறுதான் சரியாகிவிட்டதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முழங்கை வரை கையை விட்டுக் கரைத்தேன். பம்பை அடித்தார்கள். கூழும் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக் கீரையுமாக அப்படி ஒரு சாப்பாட்டை நான் ஊரில்கூடச் சாப்பிட்டதில்லை. மூன்று நாள் பட்டினி வேறு.

திங்கட்கிழமை இரவில் தொடங்கி செவ்வாய்க்குள் நாற்பது பேர் போலப் படுத்துவிட்டார்கள். அத்தானும் ஒருவர். எல்லாருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும். நல்லவேளை, யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. குளுக்கோஸ் ஏற்றிக்கொண்ட இரண்டு பாட்டிமார் மறுநாளே வீடு திரும்பினார்கள். ஆனால் பேச்சு வேகமாகப் பரவியது. பாதிப் பேர் தேவகியைச் சொன்னார்கள். மீதிப் பேர் இந்தியாவிலிருந்து வந்த மாவைச் சொன்னார்கள். தலைவர் சுப்பையா போனில் குரலைப் பதிந்து எல்லாருக்கும் ஒரு பேச்சு அனுப்பினார், அதில் இரண்டையும் சொன்னார்.

புதன்கிழமை சுகாதார இலாகாவிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். மேரி நிர்மலா என்று பெயர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் ஒரு அட்டை, அதில் கேள்விகள். யார் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வயிறு கலங்கியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மாவைப் பற்றி அக்கா அழ ஆரம்பித்ததும் பேனாவை மூடினாள்.

"அழாதீங்க ஆண்ட்டி. மாவு வெந்துடுச்சு. வெந்ததுல இந்தக் கிருமி தாக்குப் பிடிக்காது. வெந்த பிறகு என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க."

"என் தம்பிதான் கையால கரைச்சான். விரதம் இருந்து, அவ்வளவு சுத்தமா."

நிர்மலா என்னைப் பார்த்தாள். கரைப்பதற்கு முன்னால் உடம்பு நன்றாக இருந்ததா என்று கேட்டாள். நான் இருந்தது என்று தலையை ஆட்டினேன். பாஷை தெரிந்த இடத்திலும் தலையாட்டல்தான். காய்ச்சியவர், நறுக்கியவர், கரைத்தவர் எல்லாரும் மலம் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, மூடியிலேயே சின்னக் கரண்டி வைத்த ஒரு குப்பியைத் தந்துவிட்டுப் போனாள். அந்தக் குப்பியை நான் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தேன். எனக்கு விமானம் அதற்கடுத்த வாரம் ஞாயிறு. அதுவரை தரவில்லை என்றால் யார் துரத்திக்கொண்டு வரப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை அத்தானையும் கூட்டிக்கொண்டு அவருக்கு மருந்து வாங்கப் போன வழியில் தேவகி கடையைப் பார்த்தோம். மூடி வைக்கச் சொல்லி உத்தரவு ஒட்டியிருந்தது. பரிசோதனை முடிவு வரும் வரை திறக்கக்கூடாது. சாப்பாட்டு நேரம், ஆனால் வரிசை இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு வேன் நிறுத்தி யாரோ சோறு விற்றுக்கொண்டிருந்தார்கள். தேவகி காலியான கடைக்குள் தனியாக உட்கார்ந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தப்பு பண்ணேன்னு படுத்துப் படுத்து யோசிக்கிறேன்ணே," என்றார் அத்தானிடம். "வெங்காயத்தக் கழுவுனேன். மோர் நேத்தைய மோர் இல்ல. வேற எங்க விட்டேன்னு தெரியல. தெரிஞ்சாலாவது திருத்திக்கலாம்."

என்னிடமும் திரும்பி, உங்களுக்கு ஏதாவது தோணுதாண்ணே என்று கேட்டார். எனக்குத் தோன்றிக்கொண்டுதான் இருந்தது. எதிர்ப்பக்கத்து வேனைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். அன்று இரவு சோறு இறங்கவில்லை. அக்கா மறுபடியும் விரதமா என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் குப்பியோடு கிளம்பினேன். சேலைக் கடைப் பையில், மூன்று செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தேன். எண் பார்த்து ஏறியும் பஸ் தப்பான பக்கம் போய், ஒரு கோழிப் பண்ணைக்கு எதிரே இறங்கி, திரும்பி வேறு பஸ் பிடித்தேன். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ். பக்கத்தில் உட்கார்ந்த சீனக் கிழவி ஒருத்தி என்ன வாங்கினாய் என்பது மாதிரி கையைக் காட்டினாள். சேலை என்றேன். எந்தப் பாஷைக்காரிக்கும் அந்த வார்த்தை புரியும் போல, நல்லது என்று கட்டைவிரலைக் காட்டினாள்.

சுகாதார அலுவலகத்தில் கூட்டம். நிர்மலாவைப் பார்த்ததும் எங்கே பயந்து திரும்பிவிடுவேனோ என்று, நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

"அம்மா, நான் விரதம் இருக்கல. எனக்கு வயித்தால போச்சு. வியாழன், வெள்ளி ரெண்டு நாளும். அதுக்கப்புறம்தான் கூழக் கரைச்சேன்."

வரிசையில் நின்ற இரண்டு தமிழ்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நிர்மலா சிரிக்கவில்லை. என்னை உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்து, மறுபடியும் அட்டையை எடுத்தாள். ஊரிலிருந்து கிளம்பிய நாள் முதல் கேட்டாள். பஸ்ஸில் வாந்தி எடுத்த பையனைப் பற்றி இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டாள். வயிறு சரியான பிறகுதானே கரைத்தேன் என்று கேட்டேன். வயிறு நின்றாலும் கிருமி பல நாள் வெளியே வந்துகொண்டே இருக்கும், கையில் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் போதும் என்றாள். இப்போதுகூட இருக்கலாமாம்.

அப்படியானால் தேவகி கடையை இன்றைக்கே திறந்துவிடலாமா என்று கேட்டேன்.

"நீங்க வாயால சொன்னா பத்தாது அங்கிள். வயிறு சொல்லணும்," என்றாள், பையைக் காட்டி. "அவங்களோடதும் லேப்ல இருக்கு. உங்களோடதும் போவட்டும். ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு வரட்டும்."

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த வரை எழுதுகிறேன். அந்தக் கிருமிக்கு நோரோ வைரஸ் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத அதற்குள்ளே எழுத்துக்களை வரிசையாக எழுதி வைத்த மாதிரி ஒன்று இருக்கிறது. மொத்தமே நாலு எழுத்துதான், அதையே மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கும். லேபில் அந்த வரிசையை வாசித்து, என்ன வகை என்று சொல்லிவிடுவார்கள். கேழ்வரகில் ரகம் இருப்பது மாதிரியா என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அதேதான். ஆனா ரகம் ஒண்ணா இருந்தா மட்டும் பத்தாது. ஒரே மூட்டையில இருந்து வந்ததான்னு பார்க்கணும். அதுக்குத்தான் எழுத்து எழுத்தா ஒப்பிடுறது."

நாலு எழுத்தை வைத்து அவ்வளவு எழுதும் கிருமிக்குப் பிழையே வராதா என்று கேட்டேன். வரும், அடிக்கடி வரும், அந்தப் பிழைகளைப் பின்தொடர்ந்துதான் எது எதற்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்கிறோம் என்றாள்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அத்தான் கட்டிலில் படுத்தபடியே சிரிக்க ஆரம்பித்து, வயிறு வலிக்கிறது என்று நிறுத்தி, மறுபடியும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ விரதம்?"

"வயித்துப்போக்குக்கா."

"உன்னக் கும்பிட்டுட்டுப் போனாங்களேடா," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள், அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் கட்டைப்பையில் இருந்து ஒரு பெரிய சோப்பை எடுத்து என் அறைக் குழாயடியில் சத்தமாக வைத்தாள். அதோடு சமாதானம்.

முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் நான் ஊர் சுற்றவில்லை. கடலைக்கூட அத்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனதால்தான் பார்த்தேன். மலாக்கா நீரிணையில் அலை என்று ஒன்று இல்லை, நம் ஊர்க் கண்மாய் மாதிரி கிடக்கிறது. கப்பல்கள் மட்டும் இருக்கின்றன. தேவகி வீட்டுக்கு ஒருநாள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நிர்மலா எங்கள் எல்லாரையும் தேவகி கடைக்கு வரச் சொன்னாள். தலைவர் சுப்பையாவும் வந்திருந்தார். அவள் கையில் ஒரு தாள். நின்றுகொண்டே வாசித்தாள்.

தேவகிக்கும் அவருக்கு உதவி செய்தவருக்கும் கிருமியே இல்லை. படுத்தவர்களிடம் எடுத்ததெல்லாம் ஒரே வகை. என்னுடையதும் அதே வகை, எழுத்துக்கு எழுத்து அதே வரிசை. அதோடு இன்னொன்றும் இருந்தது. குருபோங் பக்கம் ஒரு பாலர் பள்ளியில் அதற்கு முன்பே பிள்ளைகளுக்கு வாந்தி வந்து எடுத்து வைத்திருந்த பரிசோதனையிலும் இதே வகைதான், ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

"அந்தப் பிள்ளைங்க படுத்தப்ப இந்த அங்கிள் இன்னும் இந்தியாவுலதான் இருந்தாரு," என்றாள் தலைவரைப் பார்த்து. "அவரு எதையும் கொண்டு வரல. நம்ம ஊருச் சரக்குதான் இது. வந்த அன்னைக்கே பஸ்ல வாங்கியிருக்கலாம். அந்தப் பையன்கிட்டதான்னு இந்தப் பேப்பர் சொல்லாது. எல்லாம் ஒரே குடும்பம்னு மட்டும்தான் சொல்லும்."

தலைவர் தொண்டையைச் செருமினார். வேறு ஒரு பேச்சு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அடுத்த வருடம் கையுறை போட்டுக்கொள்ளலாமா என்று அத்தான் கேட்டதற்கு, அம்மனிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். அம்மன் சோப்புக்குச் சரி சொல்லிவிட்டாளாம் என்று அக்கா சொன்னதும் அவரே சிரித்துவிட்டார்.

தேவகி சிரிக்கவில்லை. கதவில் ஒட்டியிருந்த உத்தரவை நிர்மலா கிழித்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நீங்க சொன்னதால கடை திறக்குது. சொல்லாததால பத்து நாள் மூடிக் கிடந்துச்சு. ரெண்டும் நீங்கதாண்ணே."

ஆமாம் என்றேன். 

"இந்தப் பேப்பர யாரு படிக்கப் போறா? பாருங்க." எதிர்ப்பக்கத்து வேனைக் காட்டினார். வரிசை அங்கேதான் நின்றது.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. "நாளைக்கு நான் வந்து நிக்கிறேன். வர்றவங்ககிட்ட எல்லாம் நானே சொல்றேன்" என்றேன். அத்தான், அக்கா, நிர்மலா எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஐம்பது வயதில் நான் பத்துப் பேருக்கு முன்னால் பேசியதே இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் போய்விட்டேன். நிர்மலா தனக்கு விடுமுறை என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைக்கு முன்னால் தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோட்டைத் தாண்டி நான் உள்ளே கால் வைக்கக்கூடாது, ஒரு கரண்டியைக்கூடத் தொடக்கூடாது. மலாய் வாக்கியத்தை அத்தான் முதல்நாள் ராத்திரி முழுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். சாயா யாங் சாகிட், காக்காக் தாக் சாலா. நோயாளி நான்தான், கடைக்கார அக்கா மேல் தப்பில்லை என்று அர்த்தம்.

பன்னிரண்டு மணிக்கு ஃபேக்டரி சங்கு ஊதியது. ஆட்கள் சட்டை நனைய வெளியே வந்து வேன் பக்கம் திரும்பினார்கள்.  முதல் ஆள் கடந்து போய்விட்டான். இரண்டாவது ஆளும் போய்விட்டான். மூன்றாவதாக வந்த நம் ஆள் ஒருவரின் எதிரே போய் நின்று, கூழைக் கரைத்தது நான்தான், வயிறு கெட்டிருந்தது என்று சொன்னேன். அவர் இரண்டு அடி பின்னால் போனார். அதற்கப்புறம், "நீங்கதானா அந்த விரதச் சாமி?" என்று கேட்டுவிட்டு, கடைக்குள் போய்ச் சோறு வாங்கினார். போகும்போது மற்றவர்களிடமும் சொல்லிக்கொண்டு போனார். பிறகு எனக்குக் கொஞ்சம் சுலபமாகிவிட்டது. ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர் கைகொடுக்க வந்து, யோசித்து, கையை இழுத்துக்கொண்டு கும்பிட்டார்கள். ஒரு நேபாளி எதுவும் புரியாமல் எனக்கு ஒரு சிகரெட் கொடுத்தான்.

வரிசை கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்தது, பழைய அளவுக்கு இல்லை. ஒரு மணி இருக்கும். பெரிய மீசை வைத்த மலாய்க்கார லாரி டிரைவர் ஒருவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். தேவகி கடையில் தினமும் சாப்பிடுகிறவராம். அவர் மலாயில் சொன்னதை அத்தான் எனக்குத் தமிழில் சொன்னார். உன் பேச்சு இருக்கட்டும், முதலில் இந்தக் கடைச் சோற்றை நீ உட்கார்ந்து சாப்பிடு, நான் பார்க்கிறேன்.

தேவகி ஒரு தட்டில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு வைத்து, நெத்திலியும் வேர்க்கடலையும் பாதி முட்டையும் போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த நாற்காலி மேல் வைத்தார். எல்லாவற்றையும் சொன்ன பிறகு அவர் என் முகத்தைப் பார்த்து வைத்த முதல் தட்டு அது. நான் வெளிக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மிளகாய்ச் சம்பலின் காரம் கண்ணில் நீர் வரவைத்தது. கடைசிச் சோறு வரைக்கும் வழித்துச் சாப்பிட்டேன். டிரைவர் நான் விழுங்கி முடிக்கும் வரை இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு தேவகியைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார்.

"தீகா புங்குஸ்," என்றார். மூன்று பொட்டலம் கட்டு என்று அர்த்தம். அதை எனக்கு யாரும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எழுதி முடித்தது: ஐப்பசி மாதம் பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை, மில்லில் கரண்டு இல்லாத மத்தியானம்.